ஆர்ஓ தண்ணீர் பிஎச் 6.1 காட்டுகிறது, அமிலமா? அப்போ எலுமிச்சை 2.4 இருக்கிறதே!

தச்சநல்லூர் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தண்ணீர் மெஷின் விற்கிற தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆர்ஓ தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து, பையிலிருந்த சின்ன பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டார், தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. அவர் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் அதே சொட்டை விட்டால் பளிச்சென்று ஊதா. "பாத்தீங்களா அண்ணாச்சி, நீங்க குடிக்கது பூரா அமிலம், எலும்ப அரிச்சிரும்" என்றார். விலை கேட்டேன், என் பைக் விலைக்குப் பக்கத்தில் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றையிலிருந்து அம்மா ஆர்ஓ தண்ணீரைத் தொடுவதே இல்லை. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று பேனா மாதிரி இருக்கிற பிஎச் மீட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அமிலம் காரம் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவளுக்கும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அடுப்படியில் இருந்ததையெல்லாம் அளந்தோம். ஆர்ஓ 6.1, போர் 7.9, மாநகராட்சி ஆற்றுத் தண்ணீர் 7.4, எலுமிச்சைச் சாறு 2.4, புளிக்கரைசல் 3, தயிர் 4.4, பால் 6.6, சமையல் சோடா கரைத்தது 8.3. துணி சோப்பு 10-ஐத் தாண்டிப் போய்விட்டது.

இப்போது என் குழப்பம். 7-க்குக் கீழே இருந்தால் அமிலம் என்று புத்தகத்தில் இருக்கிறது, அப்படியானால் விற்க வந்தவர் சொன்னது சரிதானே? ஆனால் 2.4 இருக்கிற எலுமிச்சையைப் பிழிந்து தினமும் குடிக்கிறோம், எந்த எலும்பும் அரிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் சரிபாதி தண்ணீர் ஊற்றினேன். நாக்குக்குப் புளிப்பு நன்றாகவே குறைந்தது. மீட்டரோ 2.4-இலிருந்து 2.5-க்குத்தான் நகர்ந்தது. மீட்டர் டப்பாவா, இல்லை எனக்குத்தான் புரியவில்லையா?

மேலப்பாளையம் மச்சான்:

திருநெல்வேலிக்காரருக்கே வீடு தேடி வந்து அல்வா கொடுக்கப் பார்த்திருக்கிறார் அந்தத் தம்பி. அவருடைய தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

லேப் தம்பி:

அண்ணாச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மீட்டரோடு மூன்று சின்னப் பொடிப் பொட்டலம் வந்திருக்குமே, 4, 6.86, 9.18 என்று எழுதி? அதைக் கரைத்து மீட்டரைச் சரிபார்த்தீர்களா? நிறைய பேர் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். மீட்டர் முனையைக் காயவும் விடக்கூடாது, மூடிக்குள் ஈரம் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், ஆர்ஓ மாதிரி உப்பு குறைந்த தண்ணீரில் இந்தப் பேனா மீட்டர்கள் தடுமாறும். எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த மீட்டருக்கு வேலை செய்யக் கொஞ்சம் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்கள், வேண்டும், ஆர்ஓ தண்ணீரில் அது இல்லை. உங்கள் 6.1 உண்மையில் 6.4 ஆகவோ 5.9 ஆகவோ இருக்கலாம், அதற்கு ரொம்ப மதிப்புக் கொடுக்காதீர்கள்.

தச்சநல்லூர் அப்பா:

தம்பி, பொட்டலத்தைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். நல்ல வேளை, குப்பைக்கூடையிலேயே கிடந்தது. சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தேன், 6.1 இப்போது 6.2. எலுமிச்சை அப்படியே இருக்கிறது.

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்:

உங்கள் மூன்றாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தானாக அவிழும். ஆனால் முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

1909-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த அளவுகோல் இது. நொதிகள் எந்த அளவு அமிலத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் அயனியின் அளவை எழுதினால் 0.0000001 என்று பூஜ்யமாகவே வரும், எழுதி மாளாது. எத்தனையாவது இடத்தில் 1 வருகிறதோ அந்த எண்ணை மட்டும் எழுதுவோம் என்று முடிவு செய்தார். ஏழாவது இடத்தில் வந்தால் 7. இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு எண் குறைந்தால் அமிலம் ஒரு பங்கு கூடியது என்று அர்த்தமில்லை, பத்து மடங்கு கூடியது என்று அர்த்தம். உங்கள் எலுமிச்சை 2.4, ஆர்ஓ 6.1. வித்தியாசம் 3.7தானே என்று தோன்றும், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 5000 மடங்கு. எலும்பு அரிக்கும் என்று பயப்படுவதானால் முதலில் சர்பத் கடையை அல்லவா மூட வேண்டும்!

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இலை போட்டு நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வாசலில் பல ஆயிரம் பேர் இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். பிஎச் மீட்டர் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை மட்டும்தான் எண்ணும், வாசல் பக்கம் அது திரும்பியே பார்க்காது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் இப்படித்தான் இருக்கிறது. ஹைட்ரஜனை அயனியாக விட்டுக்கொடுத்தவை கொஞ்சம், இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பவை ஏராளம். நீங்கள் தண்ணீர் ஊற்றியது இன்னொரு ஹாலைத் திறந்துவிட்ட மாதிரி. வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அதனால் மீட்டருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாக்கு மட்டும் வாசலில் நிற்பவர்களையும் சேர்த்தே கணக்குப் பண்ணும், அதனால்தான் புளிப்பு குறைந்தது உங்களுக்குத் தெரிந்தது. புளியின் டார்டாரிக் அமிலம், தயிரின் லாக்டிக் அமிலம் எல்லாம் இதே ஜாதிதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேறு மாதிரி, மொத்தக் கூட்டமும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடும், வாசலில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு ஆர்ஓவுக்கு வாருங்கள். அது 6.1 காட்டுவதற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடுதான். மெஷினில் உள்ள சவ்வு உப்பையும், அமிலத்தை அடக்குகிற பைகார்பனேட்டையும் தடுத்துவிடும், கரைந்திருக்கும் வாயுவைத் தடுக்காது, அது அப்படியே அந்தப் பக்கம் போய்விடும். சுத்தமான மழைத் தண்ணீரே 5.6 பக்கம்தான் இருக்கும், காரணம் அதேதான். பந்தியிலும் ஒரு சிலர்தான், வாசலிலும் ஒரு சிலர்தான், அவ்வளவுதான் அந்த அமிலம். கொதிக்கவைத்து ஆறவிட்டு அளந்து பாருங்கள், வாயு போய்விடும், எண் ஏறும்.

விற்க வந்தவர் முழுப் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 6.5 முதல் 8.5 வரை என்று இருக்கிறது, உங்களுடையது கொஞ்சம் கீழேதான். ஆனால் அந்த வரம்பில் பைப்பும் பாத்திரமும் அரிக்காமல் இருக்க வேண்டும் என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது. அதனால் ஆர்ஓ தண்ணீரைச் செம்புக் குடத்திலோ பித்தளைக் குடத்திலோ நாள்கணக்கில் வைக்காதீர்கள். எலும்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் எதைக் குடித்தாலும் அது விழுவது பிஎச் 1.5, 2 இருக்கிற இரைப்பையில். ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்கிறது, அதை அங்கேயே நிறுத்திவைப்பது நுரையீரலும் சிறுநீரகமும். தம்ளர் தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

உடன்குடி பனங்காட்டான்:

வாத்தியார் சொன்ன பந்திக் கணக்கு எங்கள் பனங்காட்டுக்கும் பொருந்துகிறது. பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாமல் விட்டால் கள். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், வித்தியாசம் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு. சாறு சொட்டத் தொடங்கியதுமே காற்றில் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையை ஆரம்பித்துவிடும், சர்க்கரை புளிப்பாகவும் சாராயமாகவும் மாறும். சுண்ணாம்பு அந்த இடத்தையே காரமாக்கிவிடுகிறது, கிருமிகளால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை.

எங்கள் தாத்தா எந்த மீட்டரையும் பார்த்தவர் இல்லை. கலயத்தை இறக்கி விரலில் தொட்டு நாக்கில் வைப்பார், சுண்ணாம்பு கூடுதல் என்றால் நாக்கில் சுரீரென்று பிடிக்கும், குறைவு என்றால் லேசாகப் புளிப்பு எட்டிப்பார்க்கும். புளித்த பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கட்டியாக உட்காராது, பிசுபிசுவென்று கையில் ஒட்டும். சாறு அமிலமாகிச் சூடேறும்போது சர்க்கரை இரண்டாக உடைந்துவிடுகிறது, உடைந்த சர்க்கரைக்கு இறுகத் தெரியாது. பிற்பாடு ஒரு பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் இது எனக்குப் புரிந்தது. தாத்தாவிடம் சொன்னபோது "இதச் சொல்லத்தான் உன்ன பீஸு கெட்டிப் படிக்க வச்சமா" என்றார்.

சொதிக்காரி:

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், சொதியை யாரும் சொல்லவில்லை! நம் ஊர்ச் சொதிக்கு எலுமிச்சையை எப்போது பிழிவோம்? அடுப்பை அணைத்து இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்த பிறகுதான். கொதிக்கும்போது பிழிந்தால் தேங்காய்ப்பால் திரிதிரியாகத் திரிந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடும். பாலில் உள்ள புரதம் அமிலம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் ஒட்டும் என்று என் மகன் விளக்கம் சொன்னான். மாட்டுப்பாலும் அப்படித்தானாம், 4.6 பக்கம் வந்தால் திரிந்துவிடும். அண்ணாச்சியின் தயிர் 4.4 காட்டியதே, அது இதனால்தான் உறைந்து நிற்கிறது.

அப்புறம் உங்கள் பெண்ணுக்கு மீட்டர் இல்லாமலே காட்ட ஒரு வழி இருக்கிறது. ஆரத்தி எப்படிக் கரைப்போம்? மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழியச் சொல்லுங்கள், மறுபடி மஞ்சளாகும். வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டிய இடத்தில் சோப்பு போட்டதும் ரத்தம் மாதிரி சிவக்கிறதே, அதுவும் இதே வித்தைதான், அலசினால் போய்விடும். கல்யாணமான புதிதில் அது தெரியாமல் நான் அழுதிருக்கிறேன். ஆனால் மஞ்சள் காரத்துக்குத்தான் நிறம் மாறும், 7-க்குக் கீழே எல்லாம் ஒரே மஞ்சள். அமிலமும் தெரிய வேண்டுமென்றால் வேலியில் கிடக்கிற நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுங்கள். எலுமிச்சை விட்டால் ஊதா கலந்த ரோஸ், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை.

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புளி செம்பைக் கரைத்து இழுத்துவிடும், குழம்பு கைக்கும். அதே புளியைக் கொண்டு களிம்பைத் தேய்த்தால் பாத்திரம் பளபளக்கும்.

கயத்தாறு கரிசல்:

எங்களுக்கு பிஎச் என்றாலே மண் வள அட்டைதான். என் கரிசலுக்கு 8.4 என்று போட்டு வந்தது. உளுந்து போட்டால் கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, இந்தக் காரத்தில் கரையாமல் பூட்டிக்கொண்டு கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கரைத்து இலையில் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தேன், பச்சை திரும்பியது.

சொந்தக்காரர் ஒருவர், காரம்தானே, அமிலம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று கிளம்பினார். கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் கிடக்கும், அவ்வளவு சரக்கு உள்ளே இருக்கிறது. வாத்தியார் பாஷையில் சொன்னால் வாசலில் ஒரு ஊரே நிற்கிறது. எத்தனை கேன் ஊற்றினாலும் நுரைத்து அடங்கும், அடுத்த மழைக்கு மண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், காசுதான் கரையும்.

இன்னொன்று, களரையும் உவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உவர் என்றால் உப்பு மிஞ்சியது, அதை மின்கடத்தும் திறனில்தான் பார்க்க வேண்டும், பிஎச் சாதாரணமாகக்கூட இருக்கும். களர்தான் 8.5-ஐத் தாண்டுவது, சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஜிப்சம் போடுவார்கள். ஜிப்சம் அமிலம் இல்லை, அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும், அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் வெறுமனே ஜிப்சம் மட்டும் கொட்டுவது வீண்.

தச்சநல்லூர் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது, ஆனால் நல்லபடியாகப் போனது.

இரண்டு தம்ளரில் 200 மில்லி ஆர்ஓ, 200 மில்லி போர் தண்ணீர். மகள் சிரிஞ்சால் எலுமிச்சைச் சாறு சொட்டினாள், நான் எண்ணை எழுதினேன். ஆர்ஓவில் மூன்றே சொட்டு, 4.1-க்கு விழுந்துவிட்டது. போர் தண்ணீரில் அதே மூன்று சொட்டுக்கு 7.9 என்பது 7.2 ஆனது, அவ்வளவுதான். இருபது சொட்டு போட்ட பிறகுதான் 6 பக்கம் வந்தது, தம்ளர் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழி. வாசலில் நிற்கிற கூட்டம் காரத்துக்கும் உண்டு என்று அப்போது புரிந்தது. போர் தண்ணீரில் பைகார்பனேட் நிற்கிறது, ஆர்ஓவில் நாதியில்லை. கொதிக்கவைத்து ஆறவைத்த ஆர்ஓ 6.9 காட்டியது, வாத்தியார் சொன்ன மாதிரியே.

அப்புறம் அம்மாவுக்காக ஒரு காட்சி. அவர்கள் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு டப்பாவிலிருந்து ஊசிமுனை அளவு எடுத்து ஒரு தம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கலக்கினேன். மீட்டர் 10-ஐத் தாண்டியது. மஞ்சள் தூள் போட்டதும் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தது. "இதுக்கா அந்தப் பய அம்புட்டுக் காசு கேட்டான்" என்றார்கள், அன்று ராத்திரியிலிருந்து ஆர்ஓ தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அவர்கள் வாயில் இத்தனை வருஷமாகத் தினமும் போவது பிஎச் 12 இருக்கிற சுண்ணாம்பு என்பதை நான் சொல்லவில்லை.

மகளுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்தபோது ஆறும்வரை பொறுக்காமல் சூட்டோடு மீட்டரை விட்டாள், எண் வேறாக வந்ததாம். மீட்டர் சூட்டில் தப்பாகக் காட்டுகிறதா, தண்ணீரே மாறிவிடுகிறதா என்று கேட்கிறாள்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்:

இரண்டும்தான். கொதிக்கிற தண்ணீரில் மீட்டரை விட வேண்டாம் என்று சொல்லுங்கள், முனை கெட்டுவிடும். ஆனால் தண்ணீரும் மாறுகிறது. சூடு ஏற ஏறத் தண்ணீர் மூலக்கூறுகள் கூடுதலாகப் பிரிகின்றன, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சம அளவில் கூடும். 60 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் பிஎச் 6.5 பக்கம் வரும், அதற்காக அது அமிலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சூட்டில் நடுநிலையே 6.5தான். 7 என்பது 25 டிகிரிக்கு உரிய எண். பரீட்சையில் 7 என்றே எழுதட்டும், பக்கத்தில் 25 டிகிரி என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், திருத்துகிறவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்.